மஞ்சள் பைக்குள் போன கால்

ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் நாளே உங்களுக்கு நிறப் பாடம் நடத்தியிருப்பார்கள். சிவப்புப் பையில் குழாய், வெள்ளை டப்பாவில் ஊசி, நீல டப்பாவில் கண்ணாடி. மஞ்சள் பைக்கு என்ன எழுதிக்கொண்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ரத்தம் பட்ட பஞ்சு, அழுக்குக் கட்டுத் துணி, மனித உடல் பாகம். மூன்றும் ஒரே வரியில். பரீட்சையில் அப்படி எழுதினால்தான் மார்க் கிடைக்கும், எழுதுங்கள். எனக்கோ அந்த வரியைப் பார்த்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சொல்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் நம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனால் சட்டம் எழுந்து நின்று மரியாதை செய்கிறது. சான்றிதழ் வேண்டும், உறவுக்காரர் வர வேண்டும், சந்தேகம் இருந்தால் போலீஸ் வர வேண்டும். கேட்காமல் கொள்ளாமல் யாரும் அந்த உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அதே மனிதர் உயிரோடு கட்டிலில் படுத்திருக்கிறார், கால் மட்டும் போய்விட்டது என்றால், அந்தக் காலுக்குப் பெயர் கழிவு. காலுக்குச் சொந்தக்காரர் கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழிவு.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அழுகிப்போன காலைக் கண்ட இடத்தில் போட்டு நோயைப் பரப்பக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது, நியாயமான விதி. ஆனால் சொந்தக்காரர் வாய் திறந்து கேட்டாலும் கொடுக்காதே என்று நான் படித்த வரையில் எங்கேயும் இல்லை. இல்லாத விதியை இருக்கிறதாகச் சொல்லி ஏழைகளை மிரட்டுகிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் சண்டை போட்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் பொறுப்பு என்னுடையது. பிரியாணிக் கடையில் அடுப்படி மாஸ்டராக இருந்த ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் பஷீர், எல்லோருக்கும் மாஸ்டர். சர்க்கரை வியாதி. வலது காலில் விரல்கள் கறுத்து, கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தப்பும், தாமதித்தால் தப்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர் கையெழுத்துப் போட மறுத்தார். பயத்தினால் அல்ல.

"எடுக்குறத எடுங்க டாக்டர். எடுத்த காலை எங்கிட்டக் குடுத்துருவீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அத வச்சுக்கிட்டு என்ன மாஸ்டர் பண்ணப் போறீங்க?"

"மண்ணுல வைக்கணும். மையத்த, அதான் செத்தவங்க ஒடம்ப, எப்படி வைப்போமோ அப்படி, துணி சுத்திக் கபரஸ்தான்ல வைக்கணும். நாளைக்கு அல்லா முன்னாடி நிக்கயில நம்ம கையும் காலும்தான் சாட்சி சொல்லுமாம். எங்காலு எந்தக் குப்பையில கெடந்துட்டு வந்து சாட்சி சொல்லும், நீங்களே சொல்லுங்க?"

"சரி சரி, தாரோம். மொதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என்னிடம், "சிஸ்டர், சமாளிங்க" என்றார். இந்தச் 'சமாளிங்க' என்ற சொல்லை நீங்களும் கேட்பீர்கள். நோயாளியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யை நம் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்கு வைத்திருக்கும் பெயர் அது. கைராசியான டாக்டர்தான். அவருடைய வேலை கையெழுத்தோடு முடிந்துபோனது.

நான் திரும்ப உள்ளே போனேன். "மாஸ்டர், டாக்டர் சொன்னது இருக்கட்டும். நான் தாரேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினார். என் பேச்சை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போட்டார் என்பதை நான் மறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் இரண்டு ஆபரேஷன். முதலில் நெய்க்காரப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், நாச்சிமுத்து. அவருக்கும் சர்க்கரைதான், அவருக்கும் வலது கால்தான். தியேட்டர் வாசலில் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பனுக்குக் காட்டிராதீங்க சிஸ்டர். பாத்தா அங்கயே உசுரு போயிருமுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கால் மஞ்சள் பைக்குள் போனது. பின்வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கழிவு அறைக்கு எடுத்துப் போனார்கள். அடுத்து மாஸ்டர். அவருடைய காலைச் சுத்தமான தியேட்டர் துணியில் சுற்றி, பிளாஸ்டரில் பெயர் எழுதி ஒட்டி, பக்கத்து அறையில் தனியாக வைத்தேன். மாஸ்டரின் மனைவி நூர்ஜஹானிடம், "செத்த நேரம் இருங்கம்மா, நானே கொண்டாந்து தாரேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு விபத்து கேஸ் வந்துவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

நான் உள்ளே இருந்த நேரத்தில் மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி நிர்வாகம் முழுவதும் அவர் கையில். சட்டை மடிப்புக் கலையாத மனிதர், விதி என்ற சொல்லை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே இருப்பார். துணிப் பொட்டலத்தைப் பார்த்து, "உடல் பாகம் எதுக்கு வெளிய இருக்கு?" என்று சத்தம் போட்டிருக்கிறார். ஆட்கள் பயந்துபோய்த் துணியை உருவிவிட்டு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிக் கழிவு அறையில் வைத்துவிட்டார்கள். துணியோடு நான் ஒட்டியிருந்த பெயரும் போய்விட்டது.

நூர்ஜஹான் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ரிசப்ஷனில் போய்க் கேட்டிருக்கிறார். விதிப்படி தர முடியாது என்று மேனேஜர் சொல்ல, நூர்ஜஹானும் அவருடைய தம்பியும் குரலை உயர்த்த, நாலு பேர் கூடிவிட்டார்கள். நம் மேனேஜருக்கு விதியைவிடக் கூட்டம்தான் பெரிய பயம். உடனே கழிவு அறைக்கு ஆளை அனுப்பி, அங்கே இருந்த இரண்டு பைகளில் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துவரச் சொல்லிக் கொடுத்துவிட்டார். யாருடையது என்று அவர் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

நான் தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது படிக்கட்டில் நூர்ஜஹான் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணிப் பொட்டலம். ஆட்டோவில் வீடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தார்.

"சிஸ்டர், இது அவரு காலு இல்ல."

அவர் அழாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். "துணி சுத்துறதுக்கு முன்னாடி கழுவலாம்னு பிரிச்சேன். அவருக்குப் பாதத்து மேல எண்ணெ கொட்டுன தழும்பு இருக்கும், அம்புட்டுப் பெருசு. கண்ணாலமான புதுசுல கொட்டுனது. நாந்தான் மருந்து போட்டேன். இதுல தழும்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. குதிகால் பூரா வெடிப்பு. இது காடு கழனியில நடந்த காலு. யாரு காலு சிஸ்டர் இது?"

பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அந்த மனிதர் சொன்ன பதிலை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொல்கிறேன். "எந்தக் காலா இருந்தா என்னம்மா? காலுதானே. கொண்டுபோய்ப் பொதைச்சிருங்க. மண்ணுக்குள்ள போனப்பறம் யாருக்குத் தெரியப் போகுது?"

பிள்ளைகளே, ஆஸ்பத்திரியில் நான் ரத்தம் பார்த்திருக்கிறேன், சாவு பார்த்திருக்கிறேன். எதற்கும் எனக்கு அப்படி ஆத்திரம் வந்ததில்லை. இறந்துபோன ஒருவரின் உடலை மாற்றிக் கொடுத்துவிட்டு, உடம்புதானே, வைத்துக்கொள் என்று சொல்ல முடியுமா? ஊர் சும்மா விடுமா? கால் என்றால் மட்டும் எப்படிச் சொல்ல வருகிறது?

அப்போதுதான் எனக்கு வண்டி நினைவு வந்தது. கழிவு எடுக்கும் வேன் வரும் நேரம் அது. ஓடினேன். பின்வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது, பைகளை ஏற்றிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். டிரைவர் எனக்குத் தெரிந்தவர்தான்.

"அண்ணே, ஒரு பையை எறக்கணும்."

"பார்கோடு அடிச்சாச்சேக்கா. இனிமே எறக்குனா கணக்கு இடிக்கும், என்னையத்தான் கேப்பாங்க."

மேனேஜர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "நீ கெளம்புப்பா" என்றார். நான் வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "கெளம்புறதுன்னா எம்மேல ஏத்திட்டுக் கெளம்புங்கண்ணே" என்றேன். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. மாஸ்டரிடம் 'நான் தாரேன்' என்று சொன்ன வாய் இது. அந்த வேன் வாசலைத் தாண்டினால் அவருடைய காலைத் திரும்பக் கொண்டுவர உலகத்தில் யாராலும் முடியாது.

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். "எறக்கிக்கங்கக்கா. நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன்."

கையுறை மாட்டிக்கொண்டு நானே தேடினேன். கழிவு அறையில் வைத்துப் பையைப் பிரித்தேன். பாதத்தின் மேல் தழும்பு இருந்தது. நூர்ஜஹான் குனிந்து அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இத்தோடு கதை முடிந்துவிட்டது என்று மேனேஜர் நினைத்தார். இன்னொரு கால் வெள்ளைத் துணியில் அங்கேயே இருக்கிறதே. "அதை வேன்ல போட்டு அனுப்பிருங்க, வாயத் தொறக்காதீங்க" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முஸ்லிம் வீட்டுக்குப் போயிட்டு வந்த காலுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா? ரெண்டு பக்கமும் ஆளுக சேந்தா நாளைக்கு ஆஸ்பத்திரியே இருக்காது" என்றார்.

இதையும் நீங்கள் கேட்பீர்கள், அதனால்தான் சொல்கிறேன். மதப் பிரச்சனை வரும் என்பார்கள், சாதிப் பிரச்சனை வரும் என்பார்கள். தப்புச் செய்தது ஆஸ்பத்திரி, மிரட்டுவதற்கு மட்டும் ஜனங்களை இழுப்பார்கள். அந்த இரண்டு குடும்பமும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இவராகவே மனதுக்குள் ஒரு கலவரத்தை நடத்தி முடித்துவிட்டார்.

எனக்கும் யோசனை இருந்தது, இல்லாமல் இல்லை. நாச்சிமுத்துப் பெரியவருக்கு ஆபரேஷன் முடிந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. இந்த நேரத்தில் சொல்லலாமா? மகன்தான் காட்டாதீர்கள் என்று சொன்னாரே, அவரிடம் மட்டும் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்து, வார்டு வாசலுக்கு மகனைக் கூப்பிட்டேன். சொல்ல ஆரம்பித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பன் கால வேற ஊட்டுக்குத் தூக்கிக் குடுத்தீங்களா? என்ன ஆஸ்பத்திரிங்க இது?" என்று கத்தினார். அவர் கத்தியதில் தப்பே இல்லை. முதுகில்தான் மயக்க ஊசி போட்டிருந்தார்கள், பெரியவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளேயிருந்து, "என்னடா சத்தம்? இங்க வந்து சொல்லச் சொல்லு" என்று குரல் வந்தது.

போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மாறிப் போகாம இருந்திருந்தா அது எங்கீங்க போயிருக்கும்?" என்றார்.

"ஆஸ்பத்திரிக் கழிவோட சேத்து எரிச்சிருப்பாங்கய்யா."

"பஞ்சு, கட்டுத் துணியோடவா?"

"ஆமாங்கய்யா" என்றேன்.

"நான் பாக்க வேண்டாம்னுதானுங்க பையன் சொன்னான். குப்பையில போடுங்கன்னு நாங்க எப்பங்க சொன்னோம்? எங்க தோட்டத்துக்கு வாய்க்கா வெட்டுன காலுங்க அது. என்ன பண்றதுன்னு ஒரு வார்த்த யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோரும் முடிவு செய்துவிட்டோம், டாக்டரிலிருந்து கூட்டுகிறவர் வரைக்கும். பாய் என்றால் கேட்பார், கவுண்டர் என்றால் கேட்க மாட்டார் என்று பெயரைப் பார்த்தே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தோம்.

நூர்ஜஹான் என் பின்னாலேயே வந்து வார்டு வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "அந்தம்மாவுங்களா எடுத்துட்டுப் போனது?"

நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அழுதபடியே முன்னால் வந்தார். "தெரியாம எடுத்துட்டுப் போயிட்டேண்ணே, மன்னிச்சுக்கங்க. அவரு காலுன்னு நெனச்சுக்கிட்டு வெந்நி வெளாவி ஊத்திக் கழுவிட்டேன். கழுவயிலதான் தெரிஞ்சுச்சு."

"கழுவுனீங்களா?"

"ஆமாண்ணே."

"மூக்கப் பொத்தாமயா?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "எதுக்குண்ணே பொத்தணும்?" என்றார்.

பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இத்தன நாளா இங்க கட்டுப் பிரிக்க வர்றேனுங்க. ஒருத்தரு மூக்கப் பொத்தாம அந்தக் காலத் தொட்டதில்லீங்க. எங்க ஊட்லயும்தான். கடைசியா அதக் கழுவி உட்டது நீங்கதான். நீங்க எதுக்கு அழுகறீங்க? அழுக வேண்டியவங்க வேற ஆளுங்க."

அந்த வார்டில் அப்போது நின்றிருந்த எங்கள் ஆட்கள் எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருந்தது. மேனேஜர் முகத்திலும் இருந்தது.

கலவரம் எதுவும் நடக்கவில்லை. நூர்ஜஹான் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துணி நீளமானது, அதைக் கிழித்து இரண்டாக்கினார். ஒன்றில் மாஸ்டரின் கால். இன்னொன்றில் நாச்சிமுத்துவின் கால் இருந்தபடியே இருந்தது. "அப்பா, துணிய மாத்தணுமுங்களா?" என்று மகன் கேட்டதற்கு, "எதுக்குடா? நல்ல துணிதான்" என்றார் பெரியவர். நான் இரண்டையும் கசியாத பையில் போட்டு, எப்படித் தூக்க வேண்டும், எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்று கபரஸ்தானுக்குப் போனது. ஒன்று நெய்க்காரப்பட்டித் தோட்டத்தில் வாய்க்கால் மேட்டுக்குப் போனது.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். உடல் பாகம் எதையும் எக்காரணம் கொண்டும் வெளியே கொடுக்கக் கூடாது என்று. வேனை மறித்ததற்காக என்னைத் தியேட்டரிலிருந்து எடுத்து ஊசி போடும் அறையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வயிறு எரிவதெல்லாம் ஒன்றுக்குத்தான். அந்த இரண்டு குடும்பத்திடமும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கு அங்கே மன்னிப்புக் கேட்டது நூர்ஜஹான் ஒருவர்தான். தப்பே செய்யாதவரும் அவர்தான்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'எங்களுக்கு வேண்டாம், நீங்களே பாத்துக்கங்க' என்று சொன்ன முஸ்லிம் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். விரல் நுனியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன இந்துப் பெண்ணையும் பார்த்திருக்கிறேன். யார் எதைக் கேட்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அதனால்தான் கேட்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால், அவர் நல்ல நினைவோடு இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எடுத்துப் பையில் கட்டிய பிறகு கேட்பது கேள்வியே அல்ல.

மாஸ்டர் கட்டை ஊன்றிக்கொண்டு ஊசி அறைக்கு அடிக்கடி வருவார். "டவுன் பஸ்ல துண்டு போட்டு எடம் புடிப்போம்ல சிஸ்டர், அந்த மாதிரி கால முன்னாடி அனுப்பி எடம் புடிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். போன வருடம் நூர்ஜஹான் போன் செய்தார். மாஸ்டர் மவுத்தாகிவிட்டார், கால் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த மேனேஜர் இப்போது இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில், இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறாராம். அவருக்கும் சர்க்கரை உண்டு, எனக்குத் தெரியும், அவருக்கு ஊசி போட்டதே நான்தான். அவர் காலுக்கு ஒன்றும் வர வேண்டாம், நன்றாக இருக்கட்டும். ஒருவேளை வந்து, உங்கள் தியேட்டர் மேஜையில் அவர் படுக்க நேர்ந்தால், மறந்துவிடாதீர்கள். அவரிடமும் குனிந்து கேளுங்கள்: "சார், உங்க காலை என்ன செய்யணும்?"